எடுக்காத போனுக்கு வந்த பில்

“பேசவே இல்லைங்கிறேன். பேசாத பேச்சுக்கு யாராவது காசு கேப்பாங்களா?”

போன் கம்பெனி கவுன்ட்டரில் இருந்த பெண் மறுபடியும் சிரித்தாள். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்த சிரிப்பு. “மேடம், முதல்ல உட்காருங்க. பார்த்துச் சொல்றேன்.”

மேடம் உட்காரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு காலத்தில் மலைப்பாதை வளைவுகளில் பத்துச் சக்கர லாரியைச் சீட்டியடித்துக்கொண்டே திருப்பிய மனிதர். இப்போது பையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசு போனால் போகட்டும், இந்தத் தலை நிமிர வேண்டும். அதற்குத்தான் அவள் வந்திருந்தாள்.

மகளின் பிரசவத்துக்கு அவள் மட்டும் வெளிநாடு போய்த் திரும்பிய கையோடு அவள் போனுக்கு பில் வந்தது. ரோமிங் கட்டணம் என்று ஒரு தொகை, கண்ணைக் கட்டியது. கட்டுகிறவன் மகன். குதித்துவிட்டான். “அப்பா, அதென்ன விளையாட்டு சாமானா? ரோமிங்ல இருக்கற போனுக்குத் தினமும் அடிச்சிருக்கீங்க! இனிமே போனைத் தொடாதீங்க.” அதையும் மருமகளை வைத்துக்கொண்டு சொன்னான். அன்றிலிருந்து மனிதர் யாருக்கும் முகம் கொடுப்பதில்லை. கேட்டால் பதில், அதுவும் ஒற்றைச் சொல்லில்.

“மிஸ்டு கால்தாம்மா கொடுத்தார். ஒரே ஒரு ரிங். நல்லா இருக்கேன்னு அர்த்தம். அது எங்க வீட்டு வழக்கம்.”

“வழக்கமா? அப்படின்னா?”

அப்படியென்றால், கல்யாணமான புதிதில் அவர்கள் மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். போன் கீழே, கடையில். லாரி எந்த ஊரில் நின்றாலும் அவர் சாலையோரப் போன் கூண்டுக்குள் நுழைந்து, காசைப் போட்டு எண்ணைச் சுழற்றுவார். ஒரு மணி அடித்தால், போய்ச் சேர்ந்தாச்சு. இரண்டு அடித்தால், கிளம்பியாச்சு. மூன்று அடித்தால், இன்றைக்கே வருகிறேன். அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால் போட்ட காசு கலகலவென்று திரும்பி விழும். அதே காசுதான் அடுத்த ஊரிலும். “ஒத்தைக் காசை வெச்சுக் குடும்பம் நடத்துனவன் உலகத்துலயே நான்தான்” என்று பீற்றிக்கொள்வார்.

மருந்துக்கடைக்காரர் சிடுமூஞ்சி. ஆனால் மணி அடிக்கத் தொடங்கினால் பொட்டலம் கட்டுகிற கை அப்படியே நின்றுவிடும். எண்ணி முடித்து, மாடிப்படியைப் பார்த்துக் கத்துவார்: “ஏம்மா, உன் லாரி ரெண்டு அடிச்சிருக்கு!” கடையில் நிற்கிற இருமல்காரர், காய்ச்சல்காரர் எல்லாரும் வந்த வியாதியை மறந்து சிரிப்பார்கள். மூன்று அடித்த நாளில் மட்டும் அவர் கத்தமாட்டார். துடைப்பக் கட்டையால் கூரையில் நாசூக்காக மூன்று தட்டு. மேலே அவள் தலையணை உறையை மாற்றிவிட்டு ஜன்னலோரம் உட்காருவாள். தெருவில் போகிற அத்தனை வண்டிச் சத்தத்திலும் ஒன்றைத் தேடிக்கொண்டு.

இதில் பாதியைத்தான் அவள் சொன்னாள். கவுன்ட்டர் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, எவ்வளவு நல்லா இருக்கு மேடம்!”

“நல்லா இருக்குல்ல? அப்போ பில்லைத் திருத்து.”

பெண் கணினியைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “மேடம், ஒரு ரிங்குல கட் பண்ணதுக்கு நாங்க காசே போடல. முதல் சில நாள்தான் அப்படி. அப்புறம் எல்லாமே முழு ரிங். அடிச்சு ஓஞ்சு, நீங்க எடுக்காததால, இங்க குரலைப் பதிவு பண்ற வாய்ஸ் மெயிலுக்குப் போயிருக்கு. உங்க போன் வெளிநாட்டுல இருந்துச்சா, கால் அங்க போய்ட்டு மறுபடி இங்கயே திரும்பி வரும். ரெண்டுக்கும் சார்ஜ்.”

“சரக்கை இறக்காம லாரி திரும்பினாலும், ரெண்டு பக்கமும் டோல் கட்டித்தான் ஆகணும்” என்றார் கணவர், தரையைப் பார்த்தபடியே. வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“கரெக்ட் சார்!”

“நீங்க சும்மா இருங்க. யார் பக்கம் பேசறீங்க?” என்றாள் அவள். “முழு ரிங்கா? இருக்கவே இருக்காதும்மா. லாரி ஓட்டின காலத்துல ஒரு மணி கூடக் குறைய அடிச்சவர் இல்ல. அப்படி அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா…”

கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

கேட்டிருக்காது. குழந்தை முழித்துக்கொள்ளும் என்று மகள் அவள் போனையும் ஊமையாக்கி வைத்திருந்தாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் திரையில் ஒரு மிஸ்டு கால் இருக்கும். ஒன்று என்றால் ஒரு மணி, சௌக்கியமாக இருக்கிறார் என்று நிம்மதியாக வைத்துவிடுவாள். அந்த ஒன்று எவ்வளவு நேரம் அடித்து ஓய்ந்தது என்று திரை சொல்லுமா?

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். “என்னங்க, கட் பண்ணாம விட்டுட்டீங்களா?”

அவர் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

“எதுக்கு? தினம் வீடியோல பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்?”

“அதுல எங்க பேசறது? ஒரே கூட்டம். என் நெத்தி மட்டும்தான் தெரியுதுன்னு எல்லாரும் சிரிக்கறீங்க.” குரல் இறங்கியது. “எடுப்பியோன்னு பார்த்தேன்.”

கவுன்ட்டர் பெண்ணுக்குத் திடீரென்று பிரின்டரில் வேலை வந்துவிட்டது. ஒரு காகிதத்தோடு திரும்பினாள். “சார், பாதித் தொகையைக் குறைச்சிடறேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. ‘தெரியாமல் நடந்துவிட்டது’ன்னு.”

அவர் காகிதத்தை எட்டப் பிடித்துப் படித்தார். பேனாவைக் கீழே வைத்தார். “தெரியாம இல்லையேம்மா. நீளமா அடிச்சா காசு ஆகுமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. இருந்தும்தான் அடிச்சேன்.”

“என்னங்க, ஒரு கையெழுத்துதானே!”

“நான் என்ன சின்னப் பிள்ளையா, தெரியாம அடிக்க?”

“பாதின்னா நல்ல தொகை சார்” என்றாள் பெண்.

“தெரியும்மா” என்று அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். “எடுத்திருந்தா என்ன பேசியிருப்பீங்க?”

அவர் டிக்கெட்டை நாலாக மடித்தார். “குழாய்ல வாஷர் போயிடுச்சுன்னு சொல்லியிருப்பேன்.”

“அவ்வளவுதானா?”

“அப்புறம் நீ ஏதாவது கேட்டிருப்பே. அதுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.”

“நம்ம மருந்துக்கடைக்காரர் மட்டும் அங்க இருந்திருந்தா, எண்ணிச் சொல்லியிருப்பாரு.”

“எண்ணி மாளாது” என்றார் அவர்.

வீட்டு வாசலிலேயே மகன் பிடித்துக்கொண்டான். “எவ்வளவு குறைச்சாங்க?”

“ஒண்ணும் குறைக்கல. என் காசுலயே கட்டிட்டேன்.”

“ஏம்ப்பா! தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“தெரிஞ்சுதான்டா பண்ணேன்.” செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “உங்கம்மா குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு, அடிச்சேன். எடுக்கல, அடிக்கட்டும்னு விட்டேன். என் பொண்டாட்டிக்கு நான் போன் பண்ண உன்னைக் கேக்கணுமா?”

உள்ளே தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள், துணியும் கையுமாக வெளியே வந்தாள்.

“நல்லா காதுல வாங்கிக்கோங்க” என்றாள் தன் கணவனிடம். “வேலையா வெளியூர் போனா, ‘வந்து சேர்ந்தேன்’னு ஒரு வார்த்தைக்கு நான் உங்களைக் கெஞ்ச வேண்டியிருக்கு. மாமா, நீங்க உள்ள வாங்க.”