கத்திரி படாத துணி

காலை ஏழு மணிக்குள் தரைத்தளம் முழுவதையும் துடைத்து முடித்தாக வேண்டும். பெரியக்கா வலது கையால் மாப்பைத் தள்ளிக்கொண்டு போனாள். இடது கை இடுப்பை விட்டு அசையவில்லை; எடுத்தால் பேன்ட் இறங்கிவிடும். நாடாவை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஊக்கும் குத்துவது வழக்கம். போன வாரம் மருந்து வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் அந்த ஊக்கு தெறித்துப் போனது. அன்றிலிருந்து ஊக்கை நம்பாமல் இந்த ஒற்றைக் கை வேலைதான்.

அந்த ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பெண்களில் வயதிலும் உருவத்திலும் மூத்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வயது அப்படியேதான் இருக்கிறது. உருவம்தான் பதினான்கு மாதத்தில் முப்பத்தாறு கிலோ கரைந்துவிட்டது. இரண்டாம் மாடி எலும்பு டாக்டர், தன் அறை வாசலில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு, எடையைக் குறைத்தால் முட்டி தப்பும் என்று சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. அந்த நன்றிக்கு அவர் அறையை மட்டும் அவள் இரண்டு முறை துடைப்பாள். டீயில் சர்க்கரை போனது, சாப்பாடு பாதியானது, பஸ்ஸுக்குக் கொடுத்த காசு நடையானது. இப்போது மூன்று மாடியும் படியேறிப் போகிறாள். மூச்சு வாங்குவதில்லை. பாதிப் பொண்டாட்டியை எவன் தூக்கிக்கொண்டு போனான் என்று வீட்டுக்காரர் கேட்கும்போது சிரிப்பு வருகிறது.

உடம்பு இளைத்தது ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது, ஸ்டோருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு செட் பச்சை யூனிஃபார்ம். கழுத்துப்பட்டியின் உள்பக்கம் அழியாத மையில் எண். அவளுடையது 214. இடையில் அளவு மாறினால் அவரவர் பாடு. வெளியே வாங்கலாம் என்றால் ஒரு செட்டின் விலை அரை மாத வாடகைக்கு வந்தது. அதுவும் ஐந்து கிலோவுக்கு ஒருமுறை யார் வாங்க முடியும்?

காப்பாற்றியவர் சலவைக்கூடத்துத் தையல்காரர்தான். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அவர் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவள் துணியை வாங்கி இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடிப்பாக உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுப்பார். கத்திரி மட்டும் வைக்க மாட்டார். துணி ஆஸ்பத்திரியுடையது, திருப்பிக் கேட்டால் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

"உன்னால என் நூல்கண்டுதான் தங்கச்சி இளைச்சுப் போச்சு" என்பார்.

கூலி வாங்கவே மாட்டார். அவள் தினமும் ஒரு டீ கொண்டுபோய் வைப்பாள். அவள் விட்ட சர்க்கரையெல்லாம் அந்த டம்ளருக்குள்தான் போனது. இப்படியே பக்கத்துக்கு ஆறு மடிப்பு விழுந்துவிட்டது. விலா ஓரம் தலையணை உறை மாதிரி தடித்து, உள்ளே தோலை அறுத்தது. இனி மடிக்க இடமில்லை என்று அவரே கையை விரித்துவிட்டார்.

ஊக்கு தெறித்த அன்றே சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்தக் கோலத்தில் நோயாளிகள் நடமாடும் இடத்தில் நிற்க முடியாது. சரியான யூனிஃபார்ம் இல்லையென்றால் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான். அங்கே எட்டு மணி நேரமும் ஈரத் தரையில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். டாக்டர் மீட்டுக் கொடுத்த முட்டி ஒரு மாதம் தாங்காது.

மறுநாள் சலவைக்கூடத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அளவு மாறியவர்கள் வெள்ளிக்கிழமை பழைய செட் இரண்டையும் ஒப்படைத்துப் புதியது பெற்றுக்கொள்ளலாம். அன்று ஒரு நாள் மட்டும். எட்டு மாதமாக ஸ்டோர்க்காரரிடம் அவள் கெஞ்சிய கெஞ்சலுக்குக் கிடைத்த வரம். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு செட்தான்.

இன்னொன்று புதுசின் உடம்பில் இருந்தது.

புதுசு சேர்ந்து மூன்று வருடமாகிறது. கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். வயிறு தெரிந்த இரண்டு பேர் பெயர் முன்பு பட்டியலிலிருந்து விழுந்தது. காரணம் கேட்டதற்கு வேலைத்திறன் போதவில்லை என்றார்கள். புதுப்பிக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதுவரை மறைக்க வேண்டும்; பெரிய அளவு கேட்டு ஸ்டோருக்குப் போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பெரியக்காவின் இரண்டாவது செட்டில் தையல்காரர் பக்கத்துக்கு மூன்று மடிப்பைப் பிரித்து அவளுக்குக் கொடுத்திருந்தார். நூலை உருவியதும் துணி விரிந்துகொண்டது. மடிப்புக்குள் வெயிலும் சோப்பும் படாமல் கிடந்த இடம் மட்டும் புதுப் பச்சையாக, வெளுத்த சட்டையில் பட்டை பட்டையாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை உடை மாற்றும் அறைக்குப் புதுசு ஒரு பையோடு வந்தாள். உள்ளே பச்சை யூனிஃபார்ம், துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. தன்னுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை முன்னால் இழுத்து விட்டிருந்தாள்.

"இந்தாங்கக்கா. நாளைக்குக் கொடுக்கணும்ல."

"உனக்கு?"

"எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

வயிற்றை எக்கிக்கொண்டு நின்று பேசினாள். அப்படியும் மூன்றாவது பட்டன் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. பெரியக்கா பையை வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிடம் மனசு உள்ளபடியே ஆசைப்பட்டது. இரண்டு செட், அளவாக, புதிதாக. பிடித்துக்கொள்ளாமல் நடக்கலாம். பின்கட்டு இல்லை. பிறகு சட்டையை வெளியே எடுத்து உதறி, புதுசின் தோளில் போட்டாள்.

"எனக்கு முட்டி வளையாம இருந்தப்ப ஒரு வருஷம் கட்டிலுக்கு அடியெல்லாம் யாருடி குனிஞ்சு துடைச்சது? என் பேர்ல முடிஞ்சதுன்னு எழுதிக்கிட்டுப் போனாங்களே, அது யார் வேலை?"

"அதுக்கும் இதுக்கும்..."

"மாட்டு முதல்ல. குழந்தை மூச்சு விடட்டும்."

புதுசு மாட்டிக்கொண்டாள். பட்டன் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியக்கா அவள் கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தாள். தான் கரைத்த உடம்பு இன்னொரு உயிருக்கு இடமாகிறதே என்று அவளுக்கு அப்போது சந்தோஷமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்டோர்க்காரர் கழுத்துப்பட்டியைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். மடிப்புகளை விரலால் எண்ணினார்.

"இன்னொன்னு எங்கம்மா?"

"தொலைஞ்சு போச்சு சார்."

இருபது வருட வேலையில் அவள் ஒரு துடைக்கும் துணியைக்கூடத் தொலைத்ததில்லை. காது சூடாகியது. ரெண்டுக்கு ரெண்டுதான் விதி என்றார் அவர். ஒன்றுக்கு ஒன்று கொடுங்கள், போதும் என்று அவள் மன்றாடினாள். பொறுப்பாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு எதற்குச் சலுகை என்று வரிசைக்கே கேட்கும்படி பேசிவிட்டு, கடைசியில் மனமிரங்கி ஒரு செட்டை எடுத்துப் போட்டார். தொலைத்ததற்கு மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"நல்லா இருப்பீங்க சார்" என்றாள். நிஜமாகவே சொன்னாள்.

அதன்பிறகு அந்த ஒரு செட்டை மாலையில் துவைத்துக் கொடியில் போடுவாள். வீட்டுக்காரர் அதன் நேரே மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு, வேர்த்து வழியப் படுப்பார். அப்படியும் காலையில் இடுப்புப் பட்டி ஈரமாகத்தான் இருக்கும். உடம்புச் சூட்டிலேயே அது பத்து மணிக்குக் காயும்.

ஆறு வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பெரியக்கா, புதுசு இருவர் பெயரும் இருந்தன. மாலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. புதுசு பெரியக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் பெரியக்காவை ஏற இறங்கப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்று அவருக்கு நல்ல மனநிலை.

"இந்தம்மாவப் பாத்துக் கத்துக்க. இந்த வயசுல எப்படி உடம்பக் கொறைச்சிருக்காங்க. நீ என்னடான்னா மாசா மாசம் ஊதிக்கிட்டே போற. சும்மா நிக்காத, அந்த வாளியத் தூக்கிட்டு நட, இளைக்கும்."

"சரி சார்" என்றாள் புதுசு. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, மகப்பேறு வெளிநோயாளிகள் பிரிவுக்கு நடந்தாள். பெரியக்கா பின்னாலேயே ஓடினாள். ஓட முடிந்தது.

அங்கே சுவரில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று உண்டு. தினமும் துடைக்க வேண்டும். புதுசு கீழ் வரியிலிருந்து தொடங்கினாள். 'போதிய ஓய்வு எடுக்க வேண்டும்' பளிச்சென்று ஆனது. 'அடிக்கடி குனியக் கூடாது' ஆனது. அதற்கு மேல் எட்டவில்லை. வயிறு சுவரில் இடித்தது. பெரியக்கா துணியை வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தி, 'கர்ப்பிணிகள் கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது' என்ற முதல் வரியைத் துடைத்தாள். ஈரக் கண்ணாடியில் பின்னால் புதுசு தெரிந்தாள். வாளிக்குக் குனிந்து இன்னொரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் விலாவின் இரண்டு பக்கமும் ஆறு மடிப்பும் பிரிந்து, வெளுத்த சட்டையில் ஆறு பட்டையும் புதுப் பச்சையாக இருந்தன.