கரண்ட் போனதும் பெற்றோர் கூட்டம்

தன் குரல் பெரிய குரல் என்பது நாற்பது வயது வரைக்கும் மயில்சாமிக்குத் தெரியாது. சாமளாபுரத்துத் தறிக்குடோனில் பதினெட்டுத் தறியும் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்கிறவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். இருபது வருஷமாக அப்படிக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்து சோறு கேட்கும்போது மட்டும் இறங்கிவிடுமா என்ன? தெருவில் எல்லாரும் தறிக்காரர்கள், எல்லாருக்கும் அதே தொண்டை. அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மனைவி அமராவதி மட்டும் "மெல்லப் பேசுங்க, காது கேக்குது" என்பாள். பெண்டாட்டி சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் பிழைப்பு நடக்குமா என்று அவரும் விட்டுவிட்டார்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு அது தெரிந்தது.

மகள் சித்ரகலா அப்போது எட்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்றார்கள். தற்செயலாக அன்றைக்குத் தறியில் பழைய நூல் தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிற நாள், அது முடிகிற வரைக்கும் இவருக்கு வேலை இல்லை. தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மளிகைக்கடைக்காரர், போஸ்ட்மேன், இன்னும் நாலைந்து பேர் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தன் முறை வந்ததும் மயில்சாமி எழுந்து, அத்தனை பாசத்தோடும் கேட்டார்: "எம்புள்ள நல்லாப் படிக்குதுங்களா?"

எட்டாம் வகுப்பு டீச்சர் துள்ளி எழுந்துவிட்டார். தலைமையாசிரியர் பெருமாள்சாமி தன் அறையிலிருந்து ஓடி வந்து, எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் உட்கார்ந்து பேசலாம் என்று மயில்சாமியின் தோளைப் பிடித்தார். சண்டை எதுவும் இல்லை, பிள்ளையைப் பற்றி விசாரித்தார் என்று விளங்கியதும் பெரியவர்கள் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து சித்ரகலாவுக்கு வகுப்பில் 'தறி' என்று பெயர். அவள் நடந்து போனாலே எவனாவது ஒருத்தன், "எம்புள்ள நல்லாப் படிக்குதுங்களா?" என்று கத்துவான்.

அவள் அழவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இனி நீங்க ஸ்கூலுக்கு வர வேண்டாங்கப்பா. அம்மா வரட்டும்."

"செரி சாமி" என்றார் மயில்சாமி. வலித்தது. ஆனால் பிள்ளைமேல் தப்புச் சொல்ல வாய் வரவில்லை. அமராவதிக்கோ கம்பெனிச் சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமையே லீவு கிடைக்காது, வெள்ளிக்கிழமை எங்கே கிடைக்கும்? ஆக அந்த வீட்டிலிருந்து ஒரு வருஷமாக ஒருத்தரும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரிசில்லா டீச்சர் வந்தார். வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், கூட்டத்துக்கு வந்ததோ ஆறு வீட்டுக்காரர்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று தலைமையாசிரியர் ஒரே வரியில் முடித்தார். பிரிசில்லா டீச்சருக்கு ஒரே வரியில் முடிகிற விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஒருநாள் தறித்தெருவில் நடந்து பார்த்தார். ஆறு தறியைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒன்றுக்குப் போவதென்றாலும் பக்கத்துத் தறிக்காரரிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மணி இரண்டு ஆனதும் படக்கென்று எல்லாத் தறியும் நின்றது. அது தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். தறிக்காரர்கள் மொத்தமும் வெளியே வந்து, தெருவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, கரண்ட்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். டீச்சர் நேராக லைன்மேனிடம் போய் அந்த வாரத்து நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த நோட்டீசில் இப்படி இருந்தது: 'வெள்ளிக்கிழமை கரண்ட் போனதும் பெற்றோர் கூட்டம். கரண்ட் வந்ததும் முடியும்.' பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது, இப்படியெல்லாமா எழுதுவது என்று தலைமையாசிரியர் முனகினார். முனகிக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

அந்த நோட்டீஸ் சித்ரகலாவின் ஜியாமெட்ரி பாக்சுக்குள் நாலாக மடிந்து கிடந்தது. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை.

ஆனால் உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்த ஜெயபாண்டிக்கு அதே குடோனில்தான் வேலை, அவர் மகனும் அதே வகுப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் டீ வந்த நேரத்தில் அவர் மயில்சாமியைக் கேட்டார்.

"அண்ணே, கரண்டு போனதும் பள்ளிக்கூடம் போவம்ல? டீச்சரம்மா எல்லாரையும் வரச் சொல்லியிருக்காக."

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்த மயில்சாமிக்கு, ஏன் சொல்லவில்லை என்பது அதே நொடியில் விளங்கிவிட்டது. நீ போய்ட்டு வா, எனக்குத் தோது இல்லை என்றார். ஜெயபாண்டி விடவில்லை. படிக்கப் பணம் கிடைக்கிற திறனாய்வுத் தேர்வுக்குப் பல்லடத்தில் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடத்துகிறார்களாம். இந்தப் பள்ளியிலிருந்து நாலு பிள்ளைகளை எடுத்திருக்கிறார்களாம், முதல் பேரே சித்ரகலாதானாம். திரும்பி வர இருட்டிவிடும் என்பதால், பெற்றவர்கள் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் டீச்சர் அனுப்புவாராம். "இதுகூடத் தெரியாமயா இருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. குழாயடியில் மூஞ்சி கழுவினார் மயில்சாமி. ஜெயபாண்டி கூட்டம் முன்னால் போக, நூறடி பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். உள்ளே போவதாக அவர் முடிவு செய்யவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத் திருவிழாதான். முப்பது தறிக்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த ரகசியம் மெயின்ரோடு வரைக்கும் கேட்டது. தலைமையாசிரியர் இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சண்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பினார். மயில்சாமி எதிரே சைக்கிள் கொட்டகையில் நின்றுகொண்டார். உள்ளே லைட் இல்லாததால் டீச்சர் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் சித்ரகலா நின்றாள்.

தறிக்குடோனில் காதுக்கு வேலை இல்லை என்பதால் கண்தான் காது. அந்தக் கோடியில் இருக்கிறவன் நூல் தீர்ந்துபோச்சு என்பதையும், டீ வந்தாச்சு என்பதையும் வாயசைவிலேயே சொல்லிவிடுவான், இந்தக் கோடியில் இருக்கிறவன் பதிலும் சொல்லிவிடுவான். சித்ரகலாவும் சின்னதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் குடோன் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தான். பசிக்குது, முட்டாய் வேணும் என்பதையெல்லாம் பதினெட்டுத் தறிக்கு அந்தப் பக்கமிருந்தே அப்பனிடம் கேட்டு வாங்கியவள். ஆக, கொட்டகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த தூரம் மயில்சாமிக்கு ஒரு தூரமே இல்லை.

அப்பா வரவில்லையா என்று டீச்சர் கேட்டது தெரிந்தது. மகளின் உதடு அசைந்தது.

'அப்பா வெளியூரு போயிட்டாருங்க டீச்சர்.'

இன்றைக்குச் சாயங்காலம் பேர் அனுப்பியாக வேண்டும், யாரும் வராவிட்டால் அடுத்த பிள்ளையின் பேரைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார் டீச்சர். சித்ரகலா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

'அடுத்த பேரையே எழுதிக்குங்க டீச்சர்.'

மயில்சாமிக்குக் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் திரும்பிப் போய் இரண்டு வெற்றிலை போட்டு ஆற்றியிருக்கலாம். தான் வந்து நிற்பதைவிட, கையில் கிடைத்த இடத்தை விடுவதே மேல் என்று பிள்ளை நினைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதே என்றுதான் இருந்தது. சைக்கிளைத் திருப்பினார். நாலடி போனார். இன்றைக்குப் போய்விட்டால் அந்த இடமும் போய்விடும் என்பது நெஞ்சில் இடித்தது. சைக்கிளை அப்படியே சாத்திவிட்டு வெயிலுக்கு வந்து, குடோனில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

சித்ரகலா பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

மயில்சாமி குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார். 'நான் உள்ள வரட்டுமா சாமி? சத்தம் போட மாட்டேன்.'

அவள் அசையவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். 'ஒரு கையெழுத்தப் போட்டுட்டு ஓடிர்றேன்.'

உள்ளே முப்பது பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு மனுஷன் தன் மகளிடம் சத்தமில்லாமல் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். சித்ரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

'டீச்சர், நான் பொய் சொல்லிட்டேனுங்க. எங்கப்பா அங்க நிக்கறாருங்க.'

மயில்சாமி உள்ளே போனதும், டீச்சர் ஒன்றும் நடக்காதது போல நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வகுப்பைப் பற்றி, பரீட்சையைப் பற்றி, திரும்பி வருகிற பஸ்ஸைப் பற்றி எல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, அனுப்பச் சம்மதமா என்று கேட்டார். மயில்சாமி மெல்லப் பேசப் பார்த்தார். ஆனால் மெல்லப் பேசுவது அவர் ஒருநாளும் செய்யாத வேலை. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது.

"என்னங்க? கேக்கலீங்க" என்று டீச்சர் குனிந்தார்.

மறுபடியும் காற்றுதான். பின்னால் நின்ற பையன்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். மயில்சாமிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. அப்போது சித்ரகலா மேஜையைச் சுற்றி வந்து அவர் தோளோடு ஒட்டி நின்றாள். அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்தாள்.

"சத்தமாவே சொல்லுங்கப்பா. எப்பவும் பேசற மாதிரி பேசுங்க."

மயில்சாமி எழுந்து நின்றார்.

"எம்புள்ள போகட்டுமுங்க டீச்சர்! சனிக்கெழம ஷிப்ட மாத்திக்கறேனுங்க, நானே கூட்டிட்டுப் போயிக் கூட்டியாறேனுங்க!"

அறை முழுக்க அடங்கிவிட்டது. தலைமையாசிரியர் மூன்றாவது தடவையாக ஓடி வந்தார். "அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்று பின்னாலிருந்து அதே கனத்தில் ஜெயபாண்டி கத்த, முப்பது தறிக்காரர்களும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்தார். சித்ரகலாவும் சிரித்துவிட்டாள். போன வருஷம் கேட்ட சிரிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மயில்சாமிக்கு நன்றாகவே தெரிந்தது. எழுத்துக் கூட்டி, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்கு எங்கேயோ ஒரு தறி தடதடவென்றது. அடுத்து ஒன்று, அப்புறம் தெருவே. எல்லாரும் செருப்பைத் தேடி ஓடினார்கள். சித்ரகலா கேட் வரைக்கும் அப்பாவோடு வந்தாள்.

"மொதல்ல டீச்சர்கிட்டச் சொன்னதெல்லாம் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாள்.

மயில்சாமி சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

"வெயிலு கண்ணுல அடிச்சுது கண்ணு. ஒண்ணுமே தெரியல."

அவர் சைக்கிளில் ஏறி, தெருமுனை வரைக்கும் போய், மனசு கேட்காமல் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். இப்போது மேற்கே சாய்ந்த வெயில் நிஜமாகவே கண்ணில் அடித்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்ரகலா, குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

'அடுத்த கூட்டத்துக்கும் வந்துருங்கப்பா.'

"வந்தர்றேன் சாமி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் மயில்சாமி.

கத்திய பிறகுதான், கண்ணில் வெயில் அடிக்கும்போதே அவள் வாயைப் படித்துத் தான் மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. சித்ரகலா கேட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மயில்சாமி வேறெங்கோ பார்ப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, குடோனைப் பார்க்க வேகமாக மிதித்தார்.