ஒன்றரை அங்குலம்

பட்டறைக்குத் தேநீர் வந்ததும் தச்சர் உள்ளே போய் மகனைத் தூக்கி வருவார். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு கதவுதான். பத்து மாதக் குழந்தையை வேலை மேசையின் மேல் நிறுத்தி, அக்குளில் பிடித்துக்கொள்வார். அதன் கால்கள் கட்டை போல விறைத்து நுனிவிரலில் நிற்கும். கைவிரல்கள் உள்ளங்கைக்குள் இறுகியிருக்கும்.

"எவ்வளவு பலம் பாரு. முட்டியை மடக்கு பாப்போம்" என்பார்.

பாலிஷ் போடுகிறவர் மடக்கிப் பார்த்துத் தோற்றுப்போவார். "இவன் பயில்வான் அண்ணே. பெரியவனானா முதல்ல உங்களைத்தான் தூக்கிப் போடுவான்."

தச்சரின் மனைவிக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. துணி மாற்றும்போது குழந்தையின் தொடைகளை விரிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உட்கார வைத்தால் பின்னால் சாய்வான். குறைமாதப் பிள்ளை, எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்று மற்றவர்கள் சொன்னதைச் சில வாரங்கள் நம்பிப் பார்த்தாள். பிறகு தனியாகவே மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாள்.

பெருமூளை வாதம் என்று சொன்ன மருத்துவர், அவளை இயன்முறைச் சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த இளம்பெண் பாயில் உட்கார்ந்து குழந்தையின் தொடையை மெல்ல விரித்தாள். இறுக்கம் தடுத்த இடத்தில் கையை நிறுத்தி, அது தளரும்வரை காத்திருந்தாள். வெளியே பத்துப் பேர் வரிசையில் இருந்தும் அவள் கையில் அவசரம் இல்லை. குழந்தையும் அழவில்லை.

"இது பலம் இல்லம்மா. மூளை தப்பா சொல்றதால தசை விடாம இறுகியே இருக்கு. இப்படியே விட்டா தசை குட்டையாயிடும், இடுப்பு மூட்டும் நகரலாம். இப்பவே ஆரம்பிச்சா நிறைய காப்பாத்தலாம்."

"நடப்பானா?"

"இன்னைக்கே அதைச் சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வாரா வாரம் வாங்க. சேர்ந்து பாப்போம்."

கால்களை விரித்து, முட்டிக்கு முட்டி அளந்து, ஒன்பது அங்குலம் என்று ஒரு தாளில் எழுதினாள். கால்கள் ஒட்டாமலிருக்க நடுவில் கட்டை வைத்த ஒரு நாற்காலியையும் அதில் வரைந்து தந்தாள். காலை நீட்டிப் பிடிக்க மாட்டும் ஒரு பட்டையும் கொடுத்தாள்.

தச்சர் தாளைப் பார்க்கவே இல்லை. "கால்ல பட்டை மாட்டித் தூக்கிட்டுப் போனா நாலு பேர் என்னன்னு கேப்பாங்க. வளர வளர சரியாகும்" என்றார். மனைவி பயிற்சி கொடுக்க உட்கார்ந்தால், "பிள்ளையை ஏன் படுத்தற?" என்று வாங்கிக்கொண்டார். இதை வீம்பு என்றால் பாதிதான் சரி. மீதி பயம்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு காலையில் மனைவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள்.

"எங்க?"

"அடுத்த தெரு பட்டறைக்கு. இந்த நாற்காலியைச் செஞ்சு தரேன்னிருக்கார்."

தச்சருக்குச் சுருக்கென்றது. "எம் பிள்ளைக்கு அவன் செய்யறதா? அவன் செய்யற முக்காலி நாலாவது கால் கேக்கும். குடு இங்க."

பிறர் எடுத்த அளவை நம்பி அவர் மரம் அறுப்பதில்லை. குழந்தையைப் படுக்க வைத்தார். மனைவி, தான் கற்றபடி கால்களை மெல்ல விரித்துப் பிடித்தாள். டேப் ஏழரை காட்டியது. மறுபடி அளந்தார். ஏழரை. வேறு டேப் கொண்டுவந்தார். அதுவும் ஏழரை.

"அவங்க தப்பா எடுத்திருப்பாங்க."

"பிள்ளை மூணு மாசத்துல வளர்ந்திருக்கான்ல? அளவு கூடித்தானே இருக்கணும்?"

தச்சர் தாளில் இருந்த ஒன்பதின் கீழே ஏழரை என்று எழுதினார். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார்.

அதன்பின் ஓராண்டில் அந்தத் தாய் ஒரு நாளும் தவறவில்லை. தனக்குக் காய்ச்சல் அடித்த நாளிலும் ஐந்து வேளை பயிற்சிக்கு உட்கார்ந்தாள். தூங்கும்போது காலுக்குப் பட்டை, இறுக்கம் தளர மருத்துவர் போட்ட ஊசி, மறுபடி பயிற்சி. குழந்தை வளர வளரத் தச்சர் நாற்காலியைப் பிரித்துத் திரும்பச் செய்தார். சிகிச்சை அறைக்கும் மூன்று செய்து கொடுத்தார். பையன் இன்னும் நடக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மரத்துண்டை எடுத்துப் பாலிஷ்காரர் மேல் குறிபார்த்து எறிகிறான். குறைந்த அளவில் ஒரு அங்குலம் திரும்ப வந்தது. அரை அங்குலம் வரவில்லை.

ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில், தடுப்பூசிக்கு வந்திருந்த ஓர் இளைஞனின் மடியில் விறைத்த கால்களுடன் ஒரு பெண் குழந்தை. தச்சர் விசாரித்தார்.

"ரெண்டு வயசு ஆகட்டும்னு பாக்கறோம். தானா சரியாயிடும்ங்கறாங்க."

தச்சர் நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் அப்படித்தான் இருந்தேன் தம்பி. விறைப்பைப் பலம்னு நினைச்சேன், வெளிய தெரிஞ்சா கேவலம்னு நினைச்சேன். வெட்கப்பட்டது நான், குறைஞ்சது எம் பிள்ளை கால் விரியற அளவு. சந்தேகம் வந்த அன்னைக்கே காட்டிடணும். டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் நானே கூட வரேன், எழுந்திரு. நமக்குத் தைரியம் வர்ற வரைக்கும் பிள்ளையோட தசை காத்துட்டு இருக்காது."