இக்னொரேராவின் பூர்வீகம்

ஸ்வீடனில், லுண்ட் நகரத்து அகராதி ஆபீஸில் குன்வோர் பல வருஷமாக 'I' எழுத்திலேயே குடியிருந்தாள். அந்த மழைக்காலத்தில் அவள் கைக்கு வந்தது 'இக்னொரேரா' என்ற வினைச்சொல். ஒருவரைக் கண்டும் காணாததுபோல் இருப்பது என்று பொருள்.

தலைமை ஆசிரியர் டாக்டர் புரோடேலியுஸ், அது லத்தீனிலிருந்து நேராக வந்தது என்று முன்பே புத்தகம் போட்டவர். பிரெஞ்சு என்றாலே அவருக்கு ஆகாது. பாரிஸில் யாரோ அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டார்களாம்.

குன்வோருக்கு ஒரு பிரபு மனைவியின் பழைய கடிதம் சிக்கியது. பாரிஸ் விருந்தில் தன்னை ஒருவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பிரெஞ்சுச் சொல்லையே ஸ்வீடிஷ் ஆக்கி எழுதியிருந்தாள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'நிஜமாகவே தெரியாது' என்றுதான் அர்த்தம். தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பது பிரெஞ்சில் ஒட்டிக்கொண்டது. குன்வோர் இதைச் சீட்டில் எழுதி ஆசிரியர் மேஜையில் வைத்தாள். பதில் இல்லை. இன்னும் இரண்டு சீட்டு வைத்தாள்.

"படிச்சிட்டாருடி," என்றாள் பக்கத்து மேஜை ஐனா, காப்பி நேரத்தில். "ரெண்டாவது சீட்டு மேலதான் தினமும் கப்பை வைக்கிறாரு."

"மூணாவது?"

"ஜன்னல் ஆடாம இருக்க மடிச்சுச் சொருகியிருக்காரு."

அகராதியை அச்சுக்கு அனுப்புமுன் சரிபார்க்க ஸ்டாக்ஹோமிலிருந்து குழு வந்தது. அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது என்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லை," என்றார் புரோடேலியுஸ்.

குன்வோர் எழுந்தாள். "மூணு சீட்டு கொடுத்தேனே, டாக்டர்?"

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"எந்தத் தெரியாது, டாக்டர்? லத்தீன் தெரியாதா, பிரெஞ்சு தெரியாதா?"

குழுத் தலைவருக்குத் தின்றுகொண்டிருந்த பன் தொண்டையில் சிக்கியது. ஐனா எழுந்துபோய் ஜன்னலிலிருந்து சீட்டை உருவினாள். கூட்டம் முடியும்வரை கண்ணாடி கடகடத்தது. 'பிரெஞ்சு வழியாக' என்றே முடிவானது.

வசந்தத்தில் தொகுதி வந்தது. 'பிரெஞ்சு வழியாகத்தான் வந்திருக்கும் என்று நான் ஆரம்பத்திலேயே ஊகித்தேன்' என்று முன்னுரையில் எழுதியிருந்தார் புரோடேலியுஸ். குன்வோர் பெயர் எங்கும் இல்லை.

"போய்ச் சண்டை போடு!" என்று குதித்தாள் ஐனா.

"சொல் சரியா இருக்குல்ல, விடு," என்றாள் குன்வோர். ஆனால் கழிப்பறையில் கொஞ்ச நேரம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, வேறு ஆசிரியர் பார்க்கும் 'K' எழுத்துக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி, புரோடேலியுஸின் அதே மேஜையில் வைத்தாள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அனுமதி, கையெழுத்தோடு.