காலியாக இருந்த ஒரு சனிக்கிழமை

கால்டர் பல்கலைக்கழகம் தன் கால்பந்துக் கூட்டணியை விட்டு வேறொரு கூட்டணிக்கு மாறப்போகிறது என்ற செய்தியை லொரெட்டா கோன் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். வானொலியில் கோதுமை விலைக்கும் மழை அறிவிப்புக்கும் நடுவே அதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். முடி வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"உனக்குக்கூடவா முன்னாடியே தெரியாது?"

தெரியாது. மெரிடன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அட்டவணையைப் போடுவதே லொரெட்டாவின் வேலை. எந்தச் சனிக்கிழமை யார் யாரோடு மோதுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். இதுமட்டும் ஊரோடு ஊராகத்தான் அவள் காதிலும் விழுந்தது.

மெரிடனும் கால்டரும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஒரே நெடுஞ்சாலையில், கோதுமை வயல்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கும் ஊர்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்றால் ஒரே கூட்டணியில் இருந்த இந்த இரண்டு கல்லூரிகளும் மோதும் நாள். யாரும் அன்றைக்குக் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் பாதிரியாரே வர மாட்டார். லொரெட்டாவின் கணவன் கில்பர்ட் கால்டரில் படித்தவன். அந்த வாரம் அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு கொடிகள் பறக்கும். யார் கட்சி தோற்கிறதோ அவர் கிறிஸ்துமஸ் வரை பாத்திரம் கழுவ வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வீட்டுச் சட்டம்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் வெண்டல் ஸ்ட்ராமின் அழைப்பு வந்தது. கால்டரில் அவள் பார்க்கும் அதே வேலையைப் பார்ப்பவர். இருபது வருஷப் பழக்கம்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் லொரெட்டா. வாயைத் தொறக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"ரேடியோக்காரனுக்கு மட்டும் தொறந்தியாக்கும்."

"கோவப்படு, நியாயம்தான். ஆனா நம்ம ஆட்டத்தை எப்படியாவது காப்பாத்திடலாம்."

"எங்க வச்சுக் காப்பாத்துவ? புதுக் கூட்டணிக்குள்ளயே ஒன்பது ஆட்டம் ஆடணும். நவம்பர் முழுக்க அவங்களுது. மிச்சம் இருக்கிறது செப்டம்பர்ல மூணு சனிக்கிழமை. அதுவும் வருஷக்கணக்கா முன்னாடியே பேசி முடிச்சது. நானும் இதே பொழப்புதான் பொழைக்கிறேன் வெண்டல். எங்கிட்டயே கதை விடாத."

 

அந்த வருஷம் கால்டரோடு நடந்த கடைசி ஆட்டத்தில் மெரிடன் ஜெயித்தது. மாணவர்கள் மைதானத்தில் இறங்கி கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெண்டல் கை கொடுக்க வந்தார். லொரெட்டா போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். மறுமுனையில் யாரும் இல்லை. வெண்டல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கால்டர் போன ஓட்டையை அடைக்க, மெரிடன் இருந்த கூட்டணியிலும் எங்கெங்கிருந்தோ ஆள் சேர்த்தார்கள். பாலைவனத்திலிருந்து ஒரு கல்லூரி, பெரிய ஏரிக்கரையிலிருந்து இன்னொன்று. பேருந்தில் போய்வந்த பிள்ளைகள் விமானத்தில் போனார்கள். ஆட்டத்துக்கு வாசிக்கும் வாத்தியக் குழு செலவு கட்டாமல் ஊரிலேயே தங்கிவிட்டது. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அந்தப் பாலைவனத்துக்காரர்கள் வந்தார்கள். விரல் விட்டு எண்ணிவிடும் கூட்டம்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், போகும்போது லொரெட்டாவிடம் "உங்க ஊர் ரொம்ப அமைதியா இருக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. எதைச் சொல்லித் திட்டுவது? அவர்களுடைய அப்பன் பாட்டனைப் பற்றி மெரிடனில் யாருக்கு என்ன தெரியும்?

அதே நேரத்தில் கால்டர் கடற்கரை ஊர் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது. கில்பர்ட் அதைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டுப் பாதியிலேயே தூங்கிப்போனான். சாப்பாடு முடிந்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து தன் தட்டைக் கழுவி வைத்தான். லொரெட்டா தன் தட்டைக் கழுவினாள். அவ்வளவுதான்.

கால்டர் விலகிய மூன்றாம் வருஷம் வசந்தத்தில் வெண்டல் கூப்பிட்டார். குரலில் பழைய உற்சாகம்.

"ஒரு கல்லூரிக்காரன் கழண்டுகிட்டான். அடுத்த வருஷம் செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை காலி. நீங்க இங்க வாங்க, அதுக்கடுத்த வருஷம் நாங்க அங்க வர்றோம். எங்க ஸ்போர்ட்ஸ் டைரக்டரைச் சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. ஆனா இந்த வாரத்துக்குள்ள சொல்லிடணும்பா."

லொரெட்டா தன் அட்டவணையை எடுத்து விரித்தாள். அதில் ஒரு சின்னக் கல்லூரியை நகர்த்தினால் இடம் கிடைக்கும். மேலதிகாரி ஹார்லனிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டினார். "உன் இஷ்டம். நீ சரின்னா சரி."

அன்றைக்கே கூப்பிட்டுச் சரி என்றிருக்கலாம். ஆனால் வண்டியில் வீடு திரும்பும்போது வேறொரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. யாரோ வராமல் போனதால்தானே நம் ஞாபகம் வந்தது? பந்தியில் இடம் மிஞ்சியதால் கூப்பிட்ட விருந்தாளிதானே நாம்? ஓடிப்போய் உட்கார வேண்டுமா? நாங்கள் காத்துக் கிடந்தோமே, அவர்களும் கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும். புதன்கிழமை வெண்டல் விட்டிருந்த குரல் செய்தியைக் கேட்டாள், திரும்பக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை இன்னொன்று. அதையும் கேட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, பெரிய மனது பண்ணுகிறவள்போல நிதானமாகக் கூப்பிட்டாள். "யோசிச்சுப் பாத்தோம் வெண்டல். வரலாம்னுதான் தோணுது."





"வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைரக்டர் அந்த நாளை வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு."

"இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார் வெண்டல். "உனக்கு வேண்டாம்போலன்னு நெனைச்சேன். எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்துடுச்சு, லொரெட்டா."

சாப்பாட்டு மேசையில் கில்பர்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 

"செப்டம்பர்லயா? வெயில் கொளுத்தியிருக்கும்" என்றான். பிறகு, "சரி விடு" என்றான். அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சுமை குறைந்திருக்கும். அவன் திட்டவில்லை.

அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை கில்பர்ட் கால்டருக்குத் தனியாகப் போனான். இடைவேளைக்கு முன்பே திரும்பிவிட்டான். எதிரில் ஆடியது பேர் தெரியாத சின்னக் கல்லூரி. "நம்ம ஆளுங்களே கத்தலை. அந்தப் பசங்களைப் பாத்தா பாவமா இருந்துச்சு" என்றான்.

குளிர்காலத்தில் வெண்டல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்கு லொரெட்டாவையும் அழைத்திருந்தார்கள். காலையில் பனி கொட்டியது. அதைக் காரணமாகச் சொல்லி அவள் போகவில்லை. மதியத்துக்குள் சாலையைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்பதை அலுவலக ஜன்னலிலிருந்தே அவளால் பார்க்க முடிந்தது. வெண்டல் டெக்சாஸில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்.

பனி உருகியதும் அவளே கால்டருக்குக் கூப்பிட்டாள். வெண்டலின் நாற்காலியில் இப்போது ப்ரியானா என்ற இளம்பெண். ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவள், குரலில் நல்ல கனிவு.

"எந்தக் கல்லூரி சொன்னீங்க மேடம்? மெரிடனா? எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?"

லொரெட்டா சொன்னாள்.

"நமக்குள்ள முன்னாடி ஏதாவது ஆட்டம் நடந்திருக்கா?"

லொரெட்டா ஜன்னலைப் பார்த்தாள். "நடந்திருக்கு" என்றாள். "கொஞ்சம்."

"அப்படியா, நல்லது. இருங்க பாக்கறேன்." விசைகளைத் தட்டும் சத்தம். "இரண்டாயிரத்து முப்பத்தெட்டுல ஒரு சனிக்கிழமை காலியா இருக்கு. உங்க பேரை எழுதி வைக்கட்டுமா?"

"எழுதி வைம்மா."

"ரொம்ப சந்தோஷம் மேடம். உங்க நாள் இனிமையா இருக்கட்டும்."

வீட்டில் கில்பர்ட் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். அவள் வருஷத்தைச் சொன்னாள். அவன் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நமக்கு எழுபது தாண்டியிருக்கும்."

"ஆமா."

"ஆட்டம் எங்க ஊர்லயா, உங்க ஊர்லயா?"

அதை அவள் கேட்கவே இல்லை. இத்தனை வருஷ வேலையில் முதல் கேள்வியாக எப்போதும் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"தெரியல" என்றாள்.

"எங்க ஊர்லதான் இருக்கும்" என்றான் கில்பர்ட். "உங்களைத் தொவைச்சு அனுப்புவோம்."

லொரெட்டா இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கினாள்.