மாலை வண்டியின் டிரைவர்

டிரைவருக்கு ரயில்வே ஓய்வு கொடுத்துவிட்டது. அவருடைய மனைவி கொடுக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவர் இன்னும் மாலை வண்டியில்தான் இருக்கிறார். கரி இன்ஜினில் நின்றுகொண்டு, ஏதோ ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில். அப்படியானால் காலையிலிருந்து இந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு, கேட்காமலே டப்பாவைத் திறந்து சர்க்கரை எடுக்கிற இந்த நரைத்த ஆள் யார்? அதை அவள் ஒருநாளும் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை. மரியாதை தெரிந்தவள். "பெரியவரே" என்றுதான் கூப்பிட்டாள்.

இந்த நோய் ஒரே நாளில் வந்து குதித்ததல்ல. அவர் டூட்டியில் இருந்தபோதே சத்தம் போடாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் விடிந்துதான் எழுந்திருக்கிற மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? ஓய்வுபெற்ற மறுநாள் காலை படுக்கையில் சோம்பல் முறித்தபோது, அவள் அறைவாசலில் நின்று, "அவர் டூட்டிக்குப் போயாச்சே, நீங்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் நல்ல சிரித்த முகக்காரர். பழசெல்லாம் நிற்கும், புதுசு நிற்காது, போகப்போக பழசும் போகும் என்று ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியூரில் இருக்கும் மகள் வந்து பார்த்து, அம்மாவின் மடியில் படுத்து அழுதுவிட்டு, "அப்பா, நல்ல விடுதி ஒண்ணு இருக்கு, விசாரிக்கட்டுமா?" என்றாள். டிரைவர் ஒரு முறை முறைத்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நாற்காலி விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாழ்நாள் முழுக்க நின்றே வண்டி ஓட்டிய மனுஷன் இனியாவது உட்காரட்டும் என்று இன்ஜின் ஷெட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் அவர் உட்கார்ந்தால் அவளுக்குப் பொறுக்காது.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. அது அவருக்குன்னு குடுத்தது. நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்களேன்."

அவர் ஸ்டூலில் உட்காருவார். அவள் எதிரே உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, அவரைப் பற்றி அவரிடமே புகார் சொல்வாள்.

"வாயில வார்த்தையே வராது அவருக்கு. இன்ஜின்கிட்ட பேசுற பேச்சுல பாதி வீட்டுல பேசியிருந்தா நான் மகராசி. இங்க ஒருத்தி இருக்காளே, சாப்பிட்டாளா, செத்தாளான்னு ஒரு நாள் கேட்டதில்ல."

"இனிமே கேப்பாரும்மா."

"நீங்க எதுக்கு அவருக்கு வக்காலத்து வாங்குறீங்க? ரிட்டயர் ஆனதும் ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னாரு. ரெண்டு பேரும் ஜன்னலோரமா உக்காந்து ஊர் ஊராப் பாக்கணுமாம். ஆகட்டும், பாப்போம்."

"நான் கூட்டிட்டுப் போறேன், வர்றியா?" என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஊர் பேர் தெரியாத ஆம்பளையோட நான் எதுக்கு ரயில் ஏறணும்? வயசுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க."

அன்றைக்கு அவர் கொல்லைப்புறம் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. அவர் பேசவிட்டதில்லை என்பதுதான் சரி. இப்போது கேட்கக் காது இருந்தது, ஆனால் அது வேறு யாரோ ஒருவனுடைய காதாக இருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். மாலை வண்டிதான் ஆளைக் கொன்றது.

விசில் கயிற்றை இழுப்பதில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கை உண்டு. இவருடையது ஒரு நீளம், இரண்டு வெட்டு, பிறகு கயிற்றைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்ல விடுவதால் தேய்ந்துகொண்டே போகும் ஓர் இழுப்பு. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது இப்படி ஊதினால், வெந்நீர் போடு, வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவரிடம் வருஷக்கணக்கில் கரி அள்ளிப்போட்ட பயர்மேன்தான் இப்போது அந்த வண்டிக்கு டிரைவர். ஆனாலும் டிரைவர் வாயில் அவன் பயர்மேன்தான். குருவுக்கு மரியாதை என்று அவன் அச்சு அசலாக அதே மாதிரி ஊதினான்.

விசில் கேட்டதும் அவள் எழுந்துவிடுவாள். நாள் முழுக்க அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் விழித்தவள், அப்போது ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வெந்நீர் போட்டு, துண்டு எடுத்துவைத்து, தலைவாரி, வாசல் கேட்டில் போய் நிற்பாள். பின்னாலேயே போய், "நான்தாம்மா அது, நான் வந்தாச்சு," என்பார் டிரைவர்.

"வழி விடுங்க பெரியவரே. அவர் வர்ற நேரம்."

இருட்டும்வரை நிற்பாள். வெந்நீர் ஆறிப்போகும். அவர் வராமல் சாப்பிடுவது அவளுக்குப் பழக்கமில்லை. தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டுப் படுப்பாள். இப்படியே இளைத்துக் கைவளை முழங்கை வரைக்கும் ஏறியது. இந்த விசிலை நிறுத்தச் சொல்லிப் பயர்மேனைக் கண்டபடி திட்டுவது என்று டிரைவர் முடிவு செய்திருந்தார்.

அதற்குள் ஒன்று நடந்தது. வெந்நீர் அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. பழைய நீல யூனிபார்மை மாட்டிக்கொண்டு அதைக் கழற்றி, தெருவோரம் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முகம், கழுத்து, கை எல்லாம் கரி. பின்பக்கம் மாலை வண்டி ஊதியது. குழாயைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள். "இன்னைக்கு என்ன, சீக்கிரம்?"

டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரும் இல்லை. அவள் பார்த்தது அவரைத்தான். கரியைத் தொட்டு, "இந்தக் கோலத்துல எதையும் தொட்டுறாதீங்க, போய்க் குளிங்க," என்று விரட்டினாள். தட்டு வைத்தாள், தானும் எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த அறுபது வயது மனுஷன் அன்றைக்குப் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அதன்பிறகு தினமும் அதே நாடகம். பொழுது சாயும்போது பின்வாசல் வழியாக நழுவுவார். புகைக்குழாய்க் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொள்வார். யூனிபார்ம், கையில் சாப்பாட்டுத் தூக்கு. விசில் ஊதி, ஷெட்டிலிருந்து நடந்துவரும் நேரம் கழித்து, முன்வாசலில் வந்து நிற்பார். முகத்தைச் சுத்தமாகக் கழுவினால் அவள் பார்வை மாறிவிடுகிறது என்று கண்டுபிடித்து, காதோரமும் கழுத்திலும் கொஞ்சம் விட்டுவைப்பார். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். "உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவள் ஆச்சரியப்பட்டு, மறுநாள் பகலில் பெரியவரிடம் சொல்வாள்: "இப்பல்லாம் அவர் ரொம்ப மாறிட்டாரு."

பயர்மேனிடம் விஷயத்தைச் சொல்லி, "ஒரு நாள்கூட ஊதாம போயிடாதடா," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவனும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் கைவளை மெல்லக் கீழே இறங்கியது. இது எத்தனை நாளைக்கு என்று டிரைவர் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

அன்றைக்கும் விசில் ஊதியது, வழக்கத்தைவிட நீளமாக. டிரைவர் கொல்லைப்புறத்தில் கரியைப் பூசி முடித்து, தூக்கை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். வீட்டுமுனையைத் திரும்பியதும் நின்றார். கேட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றிருந்தான். பயர்மேன். ஷெட்டிலிருந்து முகம்கூடக் கழுவாமல் நேராக வந்திருக்கிறான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள் அவனிடம்.

அவள் மனசில் இருந்த புருஷனுக்கு நரை கிடையாது, கூனல் கிடையாது. இவனுக்கும் இல்லை. அவன் திகைத்துப்போய், "அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தவன், டிரைவரைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவளும் திரும்பிப் பார்த்தாள். நீல யூனிபார்ம், கரி, தூக்கு, எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இவர் நம்ம வீட்டுல தங்கியிருக்கிற பெரியவர்," என்று பயர்மேனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பாவம், நல்ல மனுஷன்தான். உங்களைப் பாத்துப் பாத்து அவரும் கரியைப் பூசிக்கிறாரு. ஒண்ணும் சொல்லிராதீங்க."

டிரைவர் தூக்கைக் கீழே வைத்தார். அப்படியானால் இத்தனை நாளும் அவள் வரவேற்றது யாரை? அவரையா, அந்தக் கரியையா? கேட்டால் சொல்ல அவளுக்கே தெரியாது.

அவள் துண்டு எடுக்க உள்ளே போனதும் பயர்மேன் ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. நேர்ல சொல்லணும்னுதான் அப்படியே வந்தேன். இன்னையோட கரி இன்ஜினை நிறுத்துறாங்க. நாளையிலருந்து டீசல்."

"அதுல இந்த மாதிரி ஊத முடியாதா?"

"அதுல கயிறு இல்லண்ணே. ஹாரன்தான். அமுக்கினா அடிக்கும், விட்டா நிக்கும். நான் போயிடறேண்ணே. நீங்க போங்க அண்ணிகிட்ட."

டிரைவர் உள்ளே பார்த்தார். அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போனா அவ இன்னைக்கும் சாப்பிட மாட்டா," என்றார். "போய்க் கை கழுவிட்டு உக்காரு. முகத்தைக் கழுவாத."

பயர்மேன் உட்கார்ந்தான். டிரைவர் தன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஓரமாக உட்கார்ந்தார். பெரியவருக்கும் ஒரு தட்டு வைத்தாள், அதில் குறைவைக்கவில்லை. பயர்மேனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கண்ணீர் கரியில் கோடு போட்டு இறங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, பசியோடு, சந்தோஷமாகச் சாப்பிட்டாள்.

"நாளைக்கும் இதே வண்டிதானே?" என்று கேட்டாள்.

பயர்மேன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா," என்றார் டிரைவர். "இதே வண்டிதான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, கொஞ்சம் சலிப்புதான்.

"உங்களைக் கேக்கல பெரியவரே. அவரைக் கேட்டேன்."