ஒயின் வேண்டாத ஒருவர்

சியாராவின் மின்னஞ்சல் ஞாயிற்றுக்கிழமை மதியம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சியாரா ஃப்ளோரன்ஸில் சின்னதாகச் சுற்றுலா நடத்துகிற பெண். ஆகஸ்ட் கடைசியில் என்னையும் என் கணவன் செல்வாவையும் காலையில் காரில் ஏற்றி, கியாந்தி மலைக்குக் கூட்டிப்போய், இரண்டு ஒயின் தோட்டங்களைக் காட்டிவிட்டு, சாயங்காலம் ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பட்டியலை உறுதிசெய்யச் சொல்லி எழுதியிருந்தாள். ஒயின் ருசிப்பவர் ஒருவர், தமிழ்ச்செல்வன். ஒயின் வேண்டாதவர் ஒருவர், ரோகிணி, கர்ப்பிணி.

கீழே அன்பாக நாலு வரி. மலைப்பாதை வளைந்து வளைந்து போகும் என்பதால் எனக்கு முன்சீட்டு. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் என் தட்டில் வராது. அந்தத் தோட்டத்துத் திராட்சையிலேயே பிழிந்த சாறு ஒரு பாட்டில் எனக்கென்று குளிரவைத்திருப்பார்கள். கடைசியில், ‘உடம்பு எப்படி இருக்கிறது? குழந்தை நலமா?’

குழந்தை போய் மூன்று வாரமாகிவிட்டது. இந்த உலகத்தில் அதை நலம் விசாரித்த ஒரே ஆள் சியாராதான்.

வேறு யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நான். கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கே பாளையங்கோட்டையில் இருக்கும் தன் அம்மாவைக் கூப்பிடப் போனான் செல்வா. நான்தான் போனைப் பிடுங்கி வைத்தேன். மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, கண்பட்டுவிடும் என்றேன். என் அம்மாவிடமும் சொல்லவில்லை. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு கிழவி என்னுள் புகுந்துகொண்டாள். செல்வா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான், பாவம்.

சியாராவுக்குத் தெரிந்தது அவளுடைய படிவத்தால். ‘ஒயின் வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்தால் காரணம் கேட்கும், நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. மாதாப்பூரில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. இப்படிப்பட்ட கட்டங்களில் நாள்முழுக்க ஏடாகூடமாக எதையாவது அடித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு மட்டும் உண்மையை அடித்தேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, அவள் ரொம்ப தூரத்தில் இருந்தாள்.

ஒன்பதாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. டாக்டரம்மா என் தோளைத் தட்டி, “மீரு யங். மள்ளீ ட்ரை சேயண்டி” என்றார் தெலுங்கில், சின்ன வயசுதான், மறுபடி முயற்சி செய்யுங்கள் என்று. நல்ல மனுஷிதான், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். நாலாம் நாள் ஆபீஸ் போனேன்.

அழவில்லை. அழுகை வந்து அடக்கினேன் என்றெல்லாம் இல்லை, வரவே இல்லை. உடம்பும் மனசும் மரத்துக் கிடந்தன. அந்த மூன்று வாரத்தில் நான் உருப்படியாகச் செய்தது பயணத்திட்டம் ஒன்றுதான். எட்டே முக்காலுக்கு ஓட்டல் வாசல். பத்து மணிக்கு கிரேவே என்கிற சின்ன ஊர், அங்கே முக்கோணமாக ஒரு சந்தை மைதானம். பதினொன்றுக்கு முதல் தோட்டம். மழை பெய்தால் என்ன செய்வது, கார் வராவிட்டால் எந்தப் பஸ், அந்தப் பஸ் ஞாயிறு ஓடுமா. எக்ஸெல் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு நிறம். செல்வா காபியோடு வந்து எட்டிப் பார்ப்பான், “நல்லாருக்கு” என்பான், போய்விடுவான். அவனாவது அழுதானா என்று நான் கேட்கவில்லை.

இப்போது சியாராவுக்குப் பதில் எழுத வேண்டும். ‘இருவருமே ஒயின் ருசிப்பவர்கள் என்று மாற்றிவிடுங்கள். நன்றி’ என்று அடித்தேன். செல்வா பின்னால் நின்று படித்தான்.

“இவ்வளவுதானா?”

“வேற என்ன?”

“நலமான்னு கேட்டிருக்கால்லா.”

“அது சும்மா மரியாதைக்குக் கேக்கது” என்றேன். ஆனாலும் அனுப்பும் பொத்தானை அமுக்கவில்லை.

அப்போதுதான் அத்தை, செல்வாவின் அம்மா, கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற அழைப்பு. செல்வா போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். வள்ளியம்மாள் அத்தைக்குக் குரல் கணீரென்று இருக்கும், ஸ்பீக்கரே தேவையில்லை.

“இத்தாலிக்கு டிக்கெட்டு எல்லாம் போட்டாச்சாக்கும்? அங்கன போயி என்னத்தப் பாக்கப் போறிய?”

“திராட்சத் தோட்டம்மா” என்றான் செல்வா.

“திராட்சத் தோட்டம் பாக்கவா அம்புட்டு தூரம்? நம்ம கம்பத்துல இல்லாத திராட்சயா?” சிரித்தார்கள். பிறகு குரல் இறங்கியது. “ஊர் சுத்துங்க, வேண்டாங்கல. ஆனா கல்யாணமாகி ரெண்டு வருசம் ஓடிப்போச்சுல்லா. ஒரு பிள்ளயப் பெத்து எங்கையில குடுத்துட்டு எங்க வேணாலும் போங்க. கேக்கவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

செல்வா என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

“சரிம்மா, வச்சிருதேன்” என்று வைத்துவிட்டான்.

பருப்பு வைத்திருந்த குக்கரில் விசில் வந்தது. அவன் எழுந்து போய் அணைத்துவிட்டு, அங்கேயே அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“நேத்தோட பன்னெண்டு வாரம் முடிஞ்சிருக்கும்” என்றான்.

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன்.

“மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னுதானே சொன்ன. முடிஞ்சிருச்சு. இப்பம் சொல்லலாமா ரோகிணி? எனக்கு யார்ட்டயாவது சொல்லணும்.”

குழந்தை போனபிறகும் இவன் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் விடுவித்தால்தான் உண்டு என்று காத்திருந்திருக்கிறான். எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. கட்டிப்போட்டவள் நானென்றால் அவிழ்க்கவும் நான்தான் வேண்டும். அத்தையின் எண்ணை அழுத்தினேன்.

“அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். மூணு மாசம் முடியட்டும்னுதான் இத்தனை நாள் சொல்லாம இருந்தோம்...”

“ஏ முருகா! திருச்செந்தூரானே!” அத்தை போட்ட சத்தத்தில் போன் அதிர்ந்தது. “எனக்குத் தெரியும்ளா! நேத்து கூட கனாக் கண்டேன். அந்தப் பய இப்பம் பேசுனானே, வாயத் தொறந்தானா பாரு! ஏ பானு! பானு! இங்க ஓடி வா, நம்ம ரோகிணி முழுகாம இருக்கா!”

தப்பாக ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது நல்ல செய்திதான். மற்றதை எப்படி ஆரம்பிப்பது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டு பானு அக்கா அதற்குள் வந்துவிட்டாள் போல, “எத்தன மாசம் மதினி?” என்ற குரல் கேட்டது.

“இல்ல அத்தை” என்றேன். “இருந்துச்சு. ஒம்பதாவது வாரம் போயிருச்சு. மூணு வாரம் ஆச்சு.”

ஆபீஸில் வேலை நிலவரம் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். செல்வா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீ போ பானு, பெறவு வா” என்று அத்தையின் குரல் கேட்டது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஏன் மறைத்தீர்கள் என்று ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் வேலைக்கு அலைந்ததால்தான் என்பார்கள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“உளுந்தங்கஞ்சி யாரு வச்சுக் குடுத்தா?” என்று கேட்டார்கள்.

“என்னத்தை?”

“உளுந்தங்கஞ்சிளா. நல்லெண்ணெ ஊத்தி, கருப்பட்டி போட்டு. பூண்டு கொழம்பு. யாரு வச்சுக் குடுத்தா உனக்கு?”

“யாரும் வைக்கல அத்தை. நாலாம் நாள் நான் ஆபீஸ் போயிட்டேன்.”

“அடி பாவி மவளே” என்றார்கள். குரல் உடைந்திருந்தது. “பச்ச உடம்போடயா போன?”

பிள்ளை பெற்றவளைத்தான் பச்சை உடம்பு என்பார்கள். என் உடம்பை அதுவரை யாரும் அப்படி நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. போனைச் செல்வாவிடம் நீட்டிவிட்டு மேசைமேல் கவிழ்ந்து அழுதேன்.